பெருமூளை வாதமுள்ள பிள்ளைக்கு வீட்டையும் முற்றத்தையும் பள்ளிக்கூடத்தையும் ஒழுங்குசெய்வது எப்படி?

இலங்கையின் வடக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் வீடு வீடாகப் போய், பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளின் பெற்றோரோடு சேர்ந்து வேலை செய்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தொண்டர்களும், தாங்களே ஏதாவது செய்து பார்க்கத் தொடங்கும் பெற்றோரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். வேலைகளைப் பின்முன்னாகச் செய்துவிடுகிறார்கள். முதலில் சக்கர நாற்காலி வருகிறது. அது வாசற்படியில் மறிபட்டு நிற்கிறது. பிறகு சாய்தளம் கட்டுகிறார்கள். அதில் இறங்கினால் முற்றத்து மணலில் சில்லுப் புதைகிறது. ஆறு மாதம் கழித்துப் போனால் நாற்காலியில் உடுப்பு மடித்து வைத்திருக்கும், பிள்ளை பழையபடி பாயில் கிடக்கும்.

பெருமூளை வாதம் என்பது வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடம்பை அசைப்பதும் நிலையாக வைத்திருப்பதும் கடினமாவது. மூளையில் உள்ள அந்தப் பாதிப்பு நாள் போகப்போகக் கூடுவதில்லை. ஆனால் பிள்ளை எவ்வளவு செய்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட ஒரு சிறுமி, அம்மம்மா வீட்டுச் சீமெந்து விறாந்தையில் குசினி வரை தவழ்ந்து போய் வெங்காயம் உரிக்க உதவுவாள். தன் வீட்டில், மூன்று படிக்கு மேலே உள்ள அறைக்குள், நாள் முழுக்க யன்னலைப் பார்த்தபடி இருப்பாள். உடம்பு அதேதான்.

ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் 8 முதல் 12 வயது வரையான 818 பிள்ளைகளைப் பார்த்த ஸ்பார்க்கிள் ஆய்விலும் இதுதான் தெரிந்தது. ஒரே அளவு பாதிப்புள்ள பிள்ளைகளே வாழும் இடத்தைப் பொறுத்துக் கூடவும் குறையவும் நாளாந்தக் காரியங்களில் கலந்துகொண்டார்கள். கிழக்கு டென்மார்க்கில் உள்ள பிள்ளைகள் முன்னுக்கு நின்றார்கள். வலி உள்ள பிள்ளைகள் பின்னுக்கு நின்றார்கள். இந்த வலி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதியிலேயே அது வரும்.

1. தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, ஒரு கொப்பி, நீளமான நூல், பாதி தண்ணீர் விட்ட போத்தல். அவ்வளவுதான். நூலும் போத்தலும் நிலத்தின் சரிவு பார்க்க. போத்தலைப் படுக்க வைத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். கைபேசியில் படம் எடுப்பதென்றால் தாயிடமும் பிள்ளையிடமும் கேட்டுவிட்டு எடுங்கள்.

அளக்க முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். வலிப்பு வருமா, வந்தால் எப்போது, மருந்து எந்த நேரத்தில்? சாப்பிடும்போது அடிக்கடி இருமுகிறதா, புரைக்கேறுகிறதா? உடுப்பு மாற்றும்போதோ காலை விரிக்கும்போதோ அழுகிறதா?

மூன்றாவது கேள்விக்கு "ஓம்" என்று பதில் வந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் வைத்தியரிடம் அனுப்புங்கள். பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகுவது உண்டு. மலச்சிக்கலும் பல் நோவும்கூட உடம்பை இறுக்கிவிடும். நோவோடு இருக்கிற பிள்ளைக்கு எவ்வளவு நல்ல கதிரை செய்து கொடுத்தாலும் அதில் இராது. அடம் பிடிக்கிறது என்றுதான் வீட்டில் நினைப்பார்கள்.

இரண்டாவது கேள்விக்கு "ஓம்" என்றால், பேச்சு மொழி சிகிச்சையாளர் பார்க்காமல் சாப்பாட்டு முறையில் கை வைக்காதீர்கள்.

கிளினிக் அட்டையில் ஒன்று முதல் ஐந்து வரை ஒரு நிலை எழுதியிருக்கலாம். ஒன்றென்றால் தானாக நடக்கும் பிள்ளை. மூன்றென்றால் கைத்தடியோ நடைச்சட்டமோ பிடித்து நடக்கும். ஐந்தென்றால் தலையையும் உடம்பையும் நிமிர்த்தி வைக்கவே உதவி வேண்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளை என்ன செய்யலாம் என்பதை அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஐந்தாம் நிலைப் பிள்ளை ஒன்று, தம்பிமார் விளையாடும் கிரிக்கெட்டுக்குக் கண்ணாலேயே அவுட் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

2. ஒரு நாளை முழுதாகப் பாருங்கள்

தொண்டர்கள் வழக்கமாகப் பத்து மணிக்குப் போவார்கள். அந்த நேரத்தில் வீடு ஓய்ந்து கிடக்கும். தகப்பன் வயலுக்கோ கூலி வேலைக்கோ போயிருப்பார், மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். அப்போது பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தோன்றும்.

காலையில் எழும்பியதிலிருந்து இரவு படுக்கும் வரை தாயோடு சேர்ந்து கொப்பியில் எழுதுங்கள். பிள்ளை எங்கே இருக்கிறது, யாரோடு இருக்கிறது, என்ன நடக்கிறது, எது மறிக்கிறது. நாலு நிரல் போதும். பின்னேரம் ஐந்து மணியை மட்டும் தவறவிடாதீர்கள். அயலட்டைப் பிள்ளைகள் ஒழுங்கையில் கூடுவது அப்போதுதான்.

யார் தூக்குகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். நம் பக்கத்தில் தாய் வேலைக்குப் போய்விட, பிள்ளையைத் தூக்குவது பல வீடுகளில் அம்மம்மாதான். அவருக்கு முழங்கால் நோ என்றால் பிள்ளையின் உலகம் பாயோடு சுருங்கிவிடும். அம்மம்மாவிடம் கேட்காமல் போட்ட திட்டங்கள் எனக்கே இரண்டு தரம் தோற்றுப் போயிருக்கின்றன.

இன்னொன்று. ஆடி, ஆவணியில் பார்த்த வீட்டை ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு தரம் பாருங்கள். வெயில் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே பிள்ளை வியர்த்துச் சோர்ந்து கிடக்கும். மழைக் காலத்தில் முற்றம் குளமாகி, குசினிக்குப் போகும் வழி சேறாகிவிடும். ஒரு பருவத்தை மட்டும் பார்த்துச் செய்த வேலை மற்றப் பருவத்தில் உதவாது.

3. ஒரேயொரு காரியத்தைத் தெரிந்தெடுங்கள்

"இவன் எப்ப நடப்பான்?" என்றுதான் எந்தத் தாயும் முதலில் கேட்பார். அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்காதீர்கள். தெரிந்ததை நேராகச் சொல்லுங்கள், பயிற்சியைப் பற்றி இயன்மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் ஒன்று கேளுங்கள்: "நடந்தால் முதல் எங்கை போவான் எண்டு நினைக்கிறீங்கள், அம்மா?"

பதில் எப்போதும் ஒரு இடமாகவோ ஒரு ஆளாகவோ இருக்கும். "அண்ணனோடை கடைக்கு." "தேப்பனோடை மாடு சாய்க்க." அதுதான் உங்கள் காரியம். நடக்காமலும் அங்கே போகலாம் என்பதை வைத்துத்தான் மிச்ச வேலை முழுக்க நடக்கப் போகிறது.

பிள்ளையிடமும் கேட்க வேண்டும். பேச்சு வராத பிள்ளை என்றால் இரண்டு பொருளையோ இரண்டு படத்தையோ காட்டிக் கேளுங்கள். பந்தா, கடைப் பையா? காட்டிவிட்டு வாய்க்குள் மெதுவாகப் பத்து எண்ணுங்கள். பெருமூளை வாதமுள்ள பிள்ளைக்குக் கேட்டது விளங்கினாலும், கண்ணையோ கையையோ அந்தப் பக்கம் திருப்ப நேரம் எடுக்கும். இரண்டு எண்ணுவதற்குள் நாங்களே பதில் சொல்லிவிடுவது புதியவர்கள் எல்லாரும் விடும் பிழை. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

ஒரே நேரத்தில் நாலு காரியம் எடுக்காதீர்கள். ஒன்று நடந்து முடிந்தால் வீட்டார் அடுத்ததைத் தாங்களே சொல்வார்கள்.

4. போகும் வழியைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

கடைக்குப் போவது என்று வைத்துக்கொள்வோம். பாயிலிருந்து கதிரை. கதிரையிலிருந்து விறாந்தை. படி. முற்றத்து மணல். படலை. கிறவல் ஒழுங்கை. கடை வாசலில் ஒரு படி. கடைக்காரர். ஒவ்வொரு துண்டிலும் பிள்ளையோடு போய் நின்று, எது மறிக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்குள் இருந்து ஊகித்தால் பாதி தவறிவிடும்.

செயற்பாடும் இயலாமையும் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட வகைப்பாடு, சூழலை ஐந்தாகப் பிரிக்கிறது. பாவிக்கும் பொருட்கள், நிலமும் இயற்கையும், உதவும் ஆட்கள், மற்றவர்களின் மனப்பாங்கு, சேவைகளும் சட்டங்களும். கொப்பியில் ஒவ்வொரு தடைக்கும் பக்கத்தில் இந்த ஐந்தில் எது என்று எழுதுங்கள். ஏனென்றால் படியும் மணலும் எல்லார் கண்ணிலும் படும். கடைக்காரர் பிள்ளையைப் பார்க்காமல் தமையனிடம் மட்டும் "இவனுக்கு என்ன வேணும்?" என்று கேட்பது கண்ணில் படாது. அந்தத் தடை இருக்கும் வரை, ரோட்டுப் போட்டுக் கொடுத்தாலும் பிள்ளை கடைக்குப் போனதாக ஆகாது.

5. காசு தேவைப்படாதவற்றை முதலில் செய்யுங்கள்

பாயை அறைக்குள்ளிருந்து விறாந்தைக்கு மாற்றுவதற்கு ஒரு சதமும் செலவில்லை. குசினிப் பக்கம் பார்க்கும்படி போட்டால், தாய் வேலை செய்தபடியே பேசலாம். ஒழுங்கைப் பக்கம் பார்த்தால் போகிறவர்கள் கூப்பிடுவார்கள். எதைப் பார்த்தபடி பிள்ளையைப் படுக்க வைக்கிறோம் என்பது சின்ன விஷயமில்லை.

ஆம், இல்லை என்பதற்கு ஒரு அடையாளத்தை வீட்டார் எல்லாரும் ஒரேமாதிரிப் பாவிக்க வேண்டும். கண்ணை மேலே தூக்கினால் ஓம், தலையைத் திருப்பினால் இல்லை. எதுவென்றாலும் பரவாயில்லை, பிள்ளைக்குச் சுலபமானதாக இருக்கட்டும். அதை ஒரு மட்டையில் எழுதிக் கதிரையின் பின்பக்கம் கட்டிவிடுங்கள். கடைக்காரரும் பஸ் நடத்துனரும் வாசிப்பார்கள்.

கடைக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்: "அண்ணை, பிள்ளையைப் பாத்துக் கேளுங்கோ. கொஞ்சம் பொறுத்தா சொல்லுவான்." இதுவரை யாரும் மறுத்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல்தான் சனம் முகத்தைத் திருப்புகிறது.

"பாவம், விடுங்கோ" என்ற சொல்தான் கடினமானது. அன்பாகத்தான் சொல்வார்கள், ஆனால் அந்தச் சொல்லோடு பிள்ளையின் கையில் இருந்த வேலை பறிபோய்விடும். செய்வினை, கிரக பலன் என்று பேசும் உறவினரும் உண்டு. அவர்களோடு தர்க்கம் பண்ணி வென்றதாக எனக்கு நினைவில்லை. பிள்ளை ஏதாவது ஒன்றைச் செய்வதை அவர்கள் நேரில் காணும்படி செய்வதுதான் பலன் தந்திருக்கிறது. கொட்டிலில் கோழிக்குத் தீனி போடுவது போதும்.

6. அப்புறம் இருக்கை

சாய்தளத்துக்கு முன் இருக்கை வர வேண்டும். உடம்பு நிலையாக இல்லாத பிள்ளைக்குக் கை முழுக்க விழாமல் பிடித்துக்கொள்வதிலேயே போய்விடும். உடம்பைத் தாங்கிப் பிடித்தால் கை வேலைக்கு வரும்.

இடுப்பு கதிரையின் பின்பக்கத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் மடிந்து, பாதம் முழுதாக ஒரு பலகையில் படிய வேண்டும். கால் தொங்கினால் உடம்பு முன்னுக்கு வழுக்கும். வழுக்கிய உடம்பு விறைக்கும். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். இடுப்புப் பட்டி வயிற்றில் இல்லாமல், தொடை மடியும் இடத்தில் சரிவாகப் போக வேண்டும்.

ஊர்த் தச்சரிடம் வேப்பம் பலகையில் செய்விக்கலாம். இயன்மருத்துவரோ தொழில்வழி சிகிச்சையாளரோ ஒருதரம் பார்த்து அளவு சொன்ன பிறகு செய்வியுங்கள். சுவர் மூலையில் பிள்ளையை இருத்தி, இரண்டு பக்கமும் சாறம் சுருட்டி வைத்து, கவனித்துப் பார்ப்பது ஒரு நல்ல பரீட்சை. அந்த மூலையில் எவ்வளவு நேரம் சுகமாக இருக்கிறது என்று தெரிந்தால், தச்சருக்கு என்ன சொல்வதென்றும் தெரியும்.

சக்கர நாற்காலிக்கு விண்ணப்பிப்பதென்றால் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் அளவுகளையும் எழுதிக்கொண்டு போங்கள். இருக்கையின் அகலம் பிள்ளையின் இடுப்பு அகலத்தைவிட ஓர் அங்குலம்தான் கூட இருக்கலாம். ஆழம், முதுகிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரையான அளவைவிட இரண்டு விரல் அகலம் குறைய வேண்டும். "வளருவான்தானே" என்று பெரிய ஆளின் நாற்காலியை வாங்கிவிடுவது நான் அடிக்கடி காணும் பிழை. ஏழு வயதுப் பிள்ளை அதற்குள் ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். சரிந்தபடியே முதுகெலும்பு வளைய வாய்ப்புண்டு.

சாப்பாடும் இந்த இருக்கையில்தான். படுக்க வைத்துத் தீத்தவே கூடாது, சாப்பாடு சுவாசக் குழாய்க்குள் போய்விடும். தீத்துபவர் எழும்பி நிற்காமல் பிள்ளையின் கண் மட்டத்துக்கு எதிரே இருக்க வேண்டும். மேலிருந்து தீத்தினால் பிள்ளை தலையை அண்ணாந்து வாங்கும், அப்படி வாங்கினால் புரைக்கேறும். தானாகச் சாப்பிடப் பழகும் பிள்ளைக்குக் கரண்டிப் பிடியில் சைக்கிள் ரியூப்பைச் சுற்றித் தடிப்பாக்குங்கள். தட்டுக்குக் கீழே நனைத்த துணியை விரித்தால் தட்டு ஓடாது.

7. சாய்தளமும் முற்றமும்

இந்த இடத்தில்தான் காசு கூடக் கரையும், பிழையும் கூட நடக்கும். ஆகவே மெதுவாக வாசியுங்கள்.

போர் முடிந்து நடந்த மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டிய வீடுகள் பலவற்றில், வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்தியிருக்கிறார்கள். அது சரியான வேலைதான். ஆனால் நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரம் என்றால், சாய்தளம் எவ்வளவு நீளம் வேண்டும்? கணக்கு சுலபம்: எத்தனை அங்குலம் உயரமோ அத்தனை அடி நீளம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு அதுதான். 18 அங்குல உயரத்துக்கு 18 அடி.

மேசன்மார் வழக்கமாக ஐந்து அடியில் முடித்துவிடுவார்கள். மோட்டார் சைக்கிள் ஏற்ற அது காணும். சக்கர நாற்காலியில் பிள்ளையை வைத்து அம்மம்மா அதில் தள்ள முடியாது. இறங்கும்போது நாற்காலி கையை விட்டு ஓடிவிடும். கட்டத் தொடங்க முன் நூலைப் பிடித்து, முழு நீளத்தையும் நிலத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள். வாயால் சொன்னால் மேசன் நம்ப மாட்டார்.

18 அடிக்கு இடமில்லை என்றால் நடுவில் ஐந்து அடி சமதளம் விட்டு மடித்துக் கட்டலாம், சுவரோடு ஒட்டியும் கொண்டுபோகலாம். இன்னொரு வழியும் இருக்கிறது. படியடியில் கிறவல் போட்டு முற்றத்தை ஆறு அங்குலம் உயர்த்தினால், சாய்தளத்தில் ஆறு அடி மிச்சம். மழைத் தண்ணீர் வீட்டுப் பக்கம் திரும்பாதபடி மட்டும் சரிவை வெளிப்பக்கம் விடுங்கள்.

அகலம் மூன்று அடிக்குக் குறையக் கூடாது. மேலே, கதவுக்கு முன் ஐந்து அடி சமதளம் வேண்டும். அது இல்லாவிட்டால் கதவைத் திறக்கிற நேரம் நாற்காலி பின்னுக்கு உருளும். இரண்டு ஓரத்திலும் மூன்று அங்குலக் கட்டு வையுங்கள், சில்லு விலகி விழாது. மேற்பரப்பை மினுக்க வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே விளக்குமாறால் குறுக்காகக் கீறிவிட்டால் மார்கழி மழையிலும் வழுக்காது. ஏழு நாளைக்குச் சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நம் வெயிலில் அதைச் செய்யாத சீமெந்து அடுத்த வருடமே வெடித்துப் பெயரும், பெயர்ந்த இடத்தில் சின்னச் சில்லு மாட்டும்.

சாய்தளம் முடிகிற இடத்திலிருந்து படலை வரையான மணலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நாற்காலியின் முன் சில்லுகள் சின்னவை, மணலில் நேரே இறங்கிவிடும். நாலு அடி அகலத்துக்கு, நாலு அங்குலம் ஆழமாக வெட்டி, கிறவல் நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கி, முற்றத்தைவிட இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்கும்படி ஒரு பாதை போடுங்கள். பல வீடுகளில் இதற்கு ஒரு உழவு இயந்திரப் பெட்டிக் கிறவல் காணும். படலையின் அகலத்தையும் அப்போதே அளந்துவிடுங்கள். ஆள் போகப் போதுமான படலையில் நாற்காலி போகாது.

பாதை போடும் வரை ஒரு உபாயம்: நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து, முன் சில்லுகளை நிலத்திலிருந்து தூக்கி, பெரிய சில்லில் மட்டும் இழுத்துக்கொண்டு போங்கள். பின்பக்கமாக இழுப்பது மணலில் சுலபம். இதை வீட்டில் உள்ள எல்லாருக்கும், தமையன் தங்கைக்கும் பழக்குங்கள். முதலில் பிள்ளையை வைக்காமல் ஒரு மூட்டை நெல்லை வைத்துப் பழகட்டும்.

ஒழுங்கை உங்கள் கையில் இல்லை. அயலில் எத்தனை வயது போனவர்கள், காலை இழந்தவர்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள் அந்த ஒழுங்கையைப் பாவிக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, எல்லாருமாகக் கையெழுத்து வைத்துப் பிரதேச சபைக்குக் கொடுங்கள். ஒரு வீட்டுக் கோரிக்கையைவிட அதற்குக் கனம் கூட.

8. மலசலகூடமும் கிணற்றடியும்

எங்கள் வீடுகளில் இரண்டும் வளவின் பின்பக்கம், வீட்டிலிருந்து தள்ளி இருக்கும். ஆகவே முதலில் பாதை, இரண்டாவது வெளிச்சம், மூன்றாவதுதான் உள்ளே. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே திறந்தால், பிள்ளை விழுந்து கதவில் சாய்ந்துவிட்டால் யாரும் உள்ளே போக முடியாது. குந்தி இருக்க முடியாத பிள்ளைக்குக் குந்து பீடத்துக்கு மேலே வைக்கும்படி, நடுவில் ஓட்டையும் கைப்பிடியும் கால்பலகையும் உள்ள ஒரு சட்டத்தைப் பைப்பிலோ மரத்திலோ செய்யலாம். பிளாஸ்ரிக் கதிரையை வெட்டிச் செய்பவர்கள் உண்டு. வெட்டிய விளிம்பு தோலைக் கீறும், ஈரத் தரையில் கால்கள் அகன்று சரியும். அவசரத்துக்குக்கூட நான் அதைச் சொல்வதில்லை.

பிடிகம்பி எந்த உயரத்தில் என்று கேட்பார்கள். பிள்ளையைச் சட்டத்தில் இருத்தி, எழும்பும்போது கை தானாகப் போகும் இடத்தில் சோக்கால் கீறுங்கள். அங்கேதான் கம்பி.

குளிப்பாட்டலுக்குத் தாயின் முதுகையும் நினைக்க வேண்டும். இருபது கிலோப் பிள்ளையைச் சீமெந்துத் தரையிலிருந்து நாளுக்கு நாலு தரம் தூக்கும் தாய் சில வருடங்களில் முறிந்துபோவார். தாய் குனியாமல் நிற்கும் உயரத்தில் ஒரு பலகை வாங்கைக் கிணற்றடியில் போடுங்கள். ஒரு கை எப்போதும் பிள்ளையில் இருக்கட்டும்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு மறைப்பு வேண்டும். பெண் பிள்ளைக்கு மாதவிடாய் வருவதற்கு முன்பே இடத்தையும் உதவும் ஆளையும் ஒழுங்குபண்ணுங்கள். இதைப் பற்றிப் பேச வீட்டில் வெட்கப்படுவார்கள். திறந்த கிணற்றடியில் பருவம் வந்த பிள்ளையைக் குளிப்பாட்டுவதை அந்தப் பிள்ளை எப்படி உணர்கிறது என்று ஒருதரம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

9. பள்ளிக்கூடம்

தவணை தொடங்க ஒரு மாதம் முன்பாவது அதிபரிடம் போங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் பள்ளி அனுமதியில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. 2016இலிருந்து கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. இவற்றைத் தெரிந்து வைத்திருங்கள், ஆனால் முதல் சந்திப்பில் சட்டத்தை மேசையில் போட வேண்டாம். "சேர், பிள்ளையை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வந்து வகுப்பைப் பாக்கலாமோ?" என்று கேட்டால் பெரும்பாலும் கதவு திறக்கும். திறக்காவிட்டால் வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் எழுத்தில் கொடுங்கள்.

வகுப்பு நிலத் தளத்தில் இருக்க வேண்டும். இடைவேளை எத்தனை நிமிடம், மலசலகூடம் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். நான் பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில் போய் வரவே இடைவேளை முழுக்கப் போனது, அந்தப் பிள்ளை ஒரு நாளும் விளையாடவில்லை. மணி அடிக்க ஐந்து நிமிடம் முன் வெளியே விடச் சொன்னோம், அது போதுமாக இருந்தது. தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் உண்டு, மலசலகூடத்துக்குப் போக முடியாது என்ற பயத்தில். தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பி வந்தால் காரணத்தைத் தேடுங்கள்.

கரும்பலகையைப் பார்த்து எழுத முடியாத பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைக் கைபேசியில் படம் எடுத்துக் கொடுக்கலாம். சாய்ந்த எழுத்துப் பலகையும் தடித்த பென்சிலும் உதவும். எழுத்தை வைத்து அறிவை அளக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். வாயாலோ கண்ணாலோ சொல்லும் பதிலும் பதில்தான்.

தாய் நாள் முழுக்க வகுப்பில் பக்கத்தில் இருப்பதைப் பல பள்ளிகள் நிபந்தனையாகவே வைக்கின்றன. முதல் வாரத்துக்கு அது சரி. அதற்கு மேல் போனால் மற்றப் பிள்ளைகள் கிட்ட வருவதில்லை, ஒரு பெரிய ஆள் இருக்கும் வாங்குக்கு யார் வருவார்கள்? இரண்டாம் வாரம் கடைசி வாங்கு, மூன்றாம் வாரம் விறாந்தை, பிறகு படலையடி என்று தாய் மெல்ல விலகட்டும். உதவிக்கு மூன்று, நாலு நண்பர்கள் முறை வைத்துக்கொள்ளட்டும். ஒரே பிள்ளையில் பாரத்தைப் போட்டால் அந்த நட்பு முறிந்துவிடும்.

10. பயணமும் திருவிழாவும்

மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் பிள்ளையை நெருக்கிக்கொண்டு போவது எங்கள் ரோட்டுகளில் வழமை. விறைத்த கால் புகைக்குழாயில் பட்டுச் சுட்ட தழும்புகளை எத்தனையோ கண்டிருக்கிறேன். கிளினிக்குக்கு ஓட்டோவில் போனால், முதுகுக்குத் தலையணை வைத்து, சாறத்தால் இடுப்பைச் சேர்த்துக் கட்டுங்கள். ஒரே ஊரில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒரே கிளினிக் நாளைக் கேட்டு வாங்கி, கூலியைப் பங்கிடலாம்.

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் மடு மாதா திருவிழாவுக்கும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சனம் நெருக்க முன், காலையிலேயே போய், நிழலும் தண்ணீரும் கிட்ட உள்ள இடத்தைப் பிடியுங்கள். வெடிச் சத்தத்துக்கு உடம்பு திடுக்கிட்டு விறைக்கும் பிள்ளைகள் பலர். ஒலிபெருக்கிக்குத் தள்ளி இருங்கள், காதுக்குப் பஞ்சு கொண்டு போங்கள், மருந்து நேரத்தைத் தவற விடாதீர்கள்.

11. திரும்பிப் போய்ப் பாருங்கள்

இரண்டு கிழமை கழித்து ஒருதரம், மழை தொடங்கிய பிறகு ஒருதரம், ஆறு மாதம் கழித்து ஒருதரம். இருக்கை சிறுத்திருக்கும். கிறவல் கரைந்திருக்கும். பட்டி அறுந்திருக்கும். முதல் நாள் எழுதிய கொப்பியை விரித்து, அதே நாலு நிரலைத் திரும்ப எழுதுங்கள். "எங்கே", "யாரோடு" என்ற இரண்டு நிரலிலும் புதிதாக ஏதும் வரவில்லை என்றால், கட்டியது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நாலாம் பகுதிக்குத் திரும்பிப் போய், வழியை இன்னொரு தரம் பிள்ளையோடு நடந்து பாருங்கள்.

போன கார்த்திகையில் ஒட்டுசுட்டான் சிறுமியின் வீட்டில் அப்படிப் பார்த்தபோது "யாரோடு" என்ற இடத்தில், தாய் எழுதுவதற்கு முன்பே அவள் கண்ணைத் தூக்கிப் படலைப் பக்கம் காட்டினாள். அங்கே இரண்டு பெட்டைகள் கடைப் பையோடு நின்றார்கள்.